குழலைத் தொடாத கை: எயார் ரைபிள் வேகமானிக்கு ஒரு பைபர் தாங்கி

காற்றழுத்தத்தால் சுடும் 10 மீற்றர் எயார் ரைபிளில் குண்டின் வேகத்தை அளக்கும் கருவியைக் குழலில் கட்டாமல், ரைபிளின் முன்கட்டையில் பொருத்தித் தாங்கவைக்கும் ஒரு கையைத் திருகோணமலையில் செய்தோம். அது ஏன் தேவைப்பட்டது, எதனால் செய்தோம், அதைப் பூட்டிச் சுட்டபோது என்ன தெரிந்தது என்பதை முழுவதுமாக எழுதுகிறேன். கொழும்பில் இருப்பவர்களுக்கு இப்படியான பொருட்களைக் கேட்டு வாங்க ஆட்கள் இருப்பார்கள். திருமலை, மட்டக்களப்புப் பக்கம் பயிற்சி செய்பவர்களுக்கு இந்த எழுத்து உதவும் என்று நம்புகிறேன்.

எங்கிருந்து தொடங்கியது

என் மருமகள், அதாவது அக்காவின் மகள், எயார் ரைபிள் பயிற்சி எடுக்கிறாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக தெஹானி எகொடவெல இதே 10 மீற்றர் போட்டியில் சுட்டதைப் பார்த்த பிறகு இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. கொஞ்சக் காலமாக அவளுடைய இலக்குத் தாள்களில் ஒரே மாதிரியான ஒரு குறை வந்துகொண்டிருந்தது. இடம் வலமாகக் குண்டுகள் நெருக்கமாக விழும், ஆனால் சில குண்டுகள் நேர் மேலே ஏறிவிடும். பயிற்றுநர் மூச்சுக் கட்டுப்பாடு என்றார். அவள், "இல்ல மாமா, துவக்கில ஏதோ இருக்கு" என்றாள்.

இரண்டு பேருடைய பேச்சிலும் நியாயம் இருந்தது, சிக்கலும் அதுதான். நின்று சுடும்போது மூச்சு ஏற இறங்கக் குழலும் ஏறி இறங்கும். அதனால் குண்டுகள் மேல்கீழாகச் சிதறும். குண்டின் வேகம் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் மேல்கீழாகத்தான் சிதறும். தாளில் இரண்டும் ஒரே முகத்தோடுதான் தெரியும்.

எவ்வளவு வேக வித்தியாசம் எவ்வளவு மேல்கீழைத் தரும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு செக்கனுக்கு 172 மீற்றர் வேகத்தில் போனால், காற்றின் தடையை விட்டுப் பார்க்க, 10 மீற்றரைக் கடக்க 0.058 செக்கன் எடுக்கும். அந்த நேரத்துக்குள் குண்டு 16.6 மில்லிமீற்றர் கீழே விழும். வேகம் 178 ஆனால் விழுவது 15.5 மில்லிமீற்றர். வித்தியாசம் 1.1 மில்லிமீற்றர். சிறியதாகத்தான் படும். ஆனால் இந்த இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 0.5 மில்லிமீற்றர், தசமப் புள்ளியில் ஒவ்வொரு 0.1-க்கும் 0.25 மில்லிமீற்றர்தான். சரியாக நடுவில் போய் 10.9 எடுக்க வேண்டிய குண்டு, 6 மீற்றர் வேகம் கூடியதால் மட்டும் 10.5-க்கு இறங்கிவிடும். 60 குண்டில் 654.0 உச்சமாக உள்ள போட்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 0.4 போனால் இடம் எங்கோ போய்விடும்.

ஆகவே, குண்டின் வேகமும் அந்தக் குண்டு போட்ட துளையும் ஒரே சூட்டில் சேர்ந்து கிடைக்க வேண்டும். ஒரு நாள் வேகத்தை அளந்து, மறுநாள் தாளைப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

கையில் இருந்த கருவி

ஒளியால் அளக்கும் குரோனோகிராஃப்கள், அதாவது வேகமானிகள், விலை குறைந்தவை, ஆனால் வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். கூடத்துக்குள் பிழையான எண்களைக் காட்டும். வெளியே கொண்டுபோனால் கச்சான் காலத்து வெயில் இன்னொரு தொல்லை.

எங்களுக்குக் கிடைத்தது காந்தப்புலத்தால் அளக்கும் வகை. நீண்ட தட்டையான உணரிப் பட்டை ஒன்று குழல் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக இரண்டு உணரிகள். குண்டு முதல் உணரியைக் கடந்து இரண்டாவதைத் தொடும் நேரத்தை அளந்து வேகத்தைச் சொல்லும். ஈயம் இரும்பைப் போல காந்தத்தில் ஒட்டாது என்றாலும் மின்கடத்தி. காந்தப்புலத்துக்குள் வேகமாகப் போகும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிப் புலத்தைக் கலைக்கும், அதை உணரி பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

இந்த வகைக் கருவியை வார்ப்பட்டியால் குழலிலேயே இறுக்குவதுதான் வழக்கம். அப்படியே கட்டிச் சுட்டுப் பார்த்தோம். குண்டுத் திரள் முழுவதும் கீழே இறங்கி, இடம் வலமாகவும் அகன்றது. குழல் நுனியில் பாரம் தொங்கினால் குழல் சிறிதளவு வளையும், அதிரும் விதமும் மாறும். அதைவிட முக்கியமானது சுடுபவரின் உடம்பு. "துவக்கு முன்னுக்கு இழுக்குது மாமா, தோள் வேற மாதிரி நிக்குது" என்றாள். அப்படி நின்று சுட்ட குண்டில் மேல்கீழ் வந்தால் அதற்கு மூச்சும் வேகமும் மட்டுமல்ல, கட்டிய கருவியும் காரணமாகிவிடும். அளக்கப் போன பொருளையே மாற்றிவிடுகிற அளவை என்னால் ஏற்க முடியவில்லை.

முக்காலியா, முன்கட்டையா

கருவியைக் குழலில் இருந்து எடுத்துவிட்டால் அதை எங்கே நிறுத்துவது? தரையில் ஊன்றிய முக்காலி என்பது உடனே தோன்றுகிற பதில். மேசையில் சாய்த்துச் சுடுபவருக்கு அதுவே போதும், செலவும் குறைவு. ஆனால் எயார் ரைபிள் போட்டியில் நின்றுதான் சுட வேண்டும். நன்றாகப் பழகியவரின் உடம்பும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும், ரைபிளும் அதோடு சேர்ந்து ஆடும். குண்டு உணரிக்கு மேலே சில மில்லிமீற்றர் உயரத்தில் போக வேண்டும். தரையில் நிற்கும் உணரிக்கு மேலே ஆடுகிற குழலை அந்த அளவுக்குப் பிடித்து வைத்திருக்க யாராலும் முடியாது. கொஞ்சம் இறங்கினால் குண்டு நேராகக் கருவியில் படும், ஏறினால் அளவே வராது.

சரி, கருவி ரைபிளோடு சேர்ந்து ஆட வேண்டும், ஆனால் குழலைத் தொடக் கூடாது. இந்த ரைபிள்களின் முன்கட்டைக்கு அடியில், கைத்தாங்கல் பூட்டுவதற்கென்று நீளமான பள்ளத்தோடு ஒரு ரெயில் இருக்கும். அங்கே ஒரு கையைப் பூட்டி, குழல் வாய்க்கு முன்னால் வரை நீட்டி, நுனியில் உணரிப் பட்டையை வைக்கலாம். சேர்ந்திருப்பது மரக்கட்டையோடு அல்லது அலுமினியக் கட்டையோடு மட்டும். குழல் தனியாக நிற்கும்.

இடையில் காற்று உருளை இருக்கிறது. குழலுக்கு நேர் கீழே, முன்கட்டைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த உருளை அது. அதில் எதையும் கட்டக் கூடாது, இறுக்கக் கூடாது, துளை போடுவதைப் பற்றி நினைக்கவே கூடாது. காற்று நிரப்ப அதைக் கழற்றவும் இடம் விட வேண்டும். கையைப் பக்கவாட்டில் கொண்டுபோனால் பாரம் ஒரு பக்கம் இழுத்து ரைபிளைச் சரிக்கும். எனவே ரெயிலில் இருந்து கீழே இறங்கி, உருளைக்கு அடியால் போய், உருளை முடிந்த பிறகு மேலே ஏறும் வடிவத்தை வரைந்தேன்.

ஒரு முனையில் மட்டும் பிடித்த கை எவ்வளவு தொய்யும் என்பது அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினால் தொய்வு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதனால் ரெயிலின் முன் நுனி வரை பிடியைத் தள்ளி, கையை முடிந்தவரை குட்டையாக்கினேன். இதைச் செய்யப்போகிறவர்கள் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இந்த நீளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

திருக்கடலூரில் வார்த்த கை

இரும்பு வேண்டாம் என்பது முதலிலேயே முடிவு. உணரிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு அதிர்ந்தால் அதையும் குண்டு என்று கருவி எடுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் மின்கடத்தி. உணரிக்கு அருகில் அதுவும் அதிரக் கூடாது. எஸ்லோன் (பிவிசி) குழாயை எடுத்துப் பார்த்தேன். எங்களூர் வெயிலில் இளகி வளையும்.

திருமலையில் இருந்துகொண்டு பைபரை, அதாவது ரெசினில் தோய்த்த கண்ணாடி இழையை, தேடி அலையத் தேவையில்லை. திருக்கடலூர்க் கரையில் பைபர் படகு திருத்தும் அண்ணன் ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். துவக்குக்குப் பூட்டுகிற சாமான் என்றதும் கொஞ்சம் யோசித்தார். அது நியாயமான யோசனை. இந்த ஊரில் ரைபிள் என்றால் யாருக்கும் முதலில் விளையாட்டு ஞாபகத்துக்கு வராது. இலக்குத் தாளையும் பிள்ளையின் பயிற்சிப் படத்தையும் காட்டினேன். ரைபிள் பயிற்சிக் கூடத்தை விட்டு வெளியே வராது, இங்கே நாங்கள் வேலை செய்வது மாதிரியை வைத்துத்தான் என்றும் சொன்னேன். கடைசிவரை அப்படியே நடந்தது. குழலின் வெளிவிட்டத்துக்குச் சமமான எஸ்லோன் குழாய்த் துண்டு, உருளைக்குப் பதிலாக இன்னொரு துண்டு, ரெயிலுக்குப் பதிலாகப் பள்ளம் வெட்டிய மரக்கட்டை மூன்றையும் ஒரு பலகையில் அளவு பார்த்துப் பூட்டி, அதன்மேல்தான் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தோம். இப்படியான பொருள் செய்யும் எவருக்கும் இதையே சொல்வேன்: ரைபிள் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கட்டும், அளவை மட்டும் வெளியே கொண்டுபோங்கள்.

பலாப் பலகையில் அச்சு செதுக்கினோம். மேல்பக்கம் திறந்த பீலி வடிவம்: தட்டையான அடி, இரண்டு பக்கமும் நிமிர்ந்த சுவர். தட்டைப் பட்டையாக வார்த்தால் வளையும். சுவர் நின்றால் அதே பாரத்துக்குப் பல மடங்கு விறைப்பு கிடைக்கும். அச்சுக்கு மெழுகு பூசி, கண்ணாடி இழைப் பாயை வெட்டி அடுக்கி, ரெசின் தடவி உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினார். உறையவைக்கும் திரவத்தை வழக்கத்தைவிடக் குறைத்துத்தான் கலந்தார். நண்பகல் சூட்டில் கூடுதலாகக் கலந்தால் பாய் நனைவதற்கு முன்பே ரெசின் பேணிக்குள் இறுகிப் புகையத் தொடங்கும். வளைவு வருகிற இரண்டு இடங்களிலும் பாயை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி போட்டார். உடைந்தால் அங்கேதான் உடையும் என்பது, படகின் அணியத்தில் எத்தனையோ உடைவுகளைப் பார்த்த அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் அச்சில் இருந்து கழற்றி விளிம்பை அரம் போட்டோம். கண்ணாடி இழைத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. முகமூடி போட்டு, தண்ணீர் நனைத்து உரசுங்கள்.

ரெயிலுக்குள் நுழைகிற அலுமினியத் துண்டை லேத் பட்டறையில் கடைந்தெடுத்தோம். அது உணரிக்கு வெகு பின்னால் இருப்பதால் தொல்லை இல்லை. நுனியில் உணரிப் பட்டை உட்காரும் தொட்டிலுக்குக் கீழே இரண்டு நீள்துளைகள். உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும், சரிவைத் திருத்தவும் அவைதான். அங்கே நைலோன் போல்ட், பின்னால் கடலுப்பு தின்னாத துருப்பிடிக்கா உருக்கு போல்ட். தொட்டிலுக்கும் பட்டைக்கும் இடையே சைக்கிள் டியூப் வெட்டி வைத்தோம்.

நேர்ப்படுத்துதல்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது இந்த வேலைதான், எழுதுவதற்கும் இதில்தான் விஷயம் இருக்கிறது.

உணரிப் பட்டை குண்டின் பாதைக்குக் கொஞ்சம் சாய்வாக நின்றால் வேகக் கணக்கு பெரிதாகக் கெடாது. 5 பாகை சாய்ந்தாலும் பிழை 0.4 வீதத்துக்குள்தான், 172-இல் 0.7 மீற்றர்கூட இல்லை. அதற்காகச் சாய்வை அலட்சியப்படுத்த முடியாது. 20 சென்றிமீற்றர் நீளத்தில் 1 பாகை சாய்ந்தால் முன் நுனி 3.5 மில்லிமீற்றர் ஏறிவிடும். 5 பாகை என்றால் குண்டு பட்டையில் பட்டே தீரும். எண் சரியாக வருவதை வைத்து நேராக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

குழலின் நேர்கோட்டைக் கண்ணால் காண ஒரு வழி வேண்டும். உலோகக் கம்பியைக் குழல் வாய்க்குள் விட எனக்கு மனம் வரவில்லை. வாயின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் ரைபிளின் துல்லியமே போய்விடும். எயார் ரைபிள் வெறுமையாக இருக்கிறது என்று காட்டக் குழல் முழுவதும் போகிற பளிச்சென்ற நிறக் கயிறு ஒன்றை விட்டு வைக்க வேண்டும் என்பது போட்டி விதி. அந்தக் கயிறு கொடுத்த யோசனையில், மீன்பிடிக்கிற தடித்த தங்கூசியை (நைலோன் இழை) எடுத்தோம். ரைபிளை ஒரு நிலைச்சட்டத்தில் அசையாமல் வைத்து, பின்பக்கத்தால் தங்கூசியை விட்டு, குழலின் இரு முனையிலும் நடுத்துளை போட்ட மெத்தென்ற பிளாஸ்டிக் அடைப்பான் வைத்து, முன்னால் ஓர் ஆணியில் கட்டி இழுத்தோம். அடைப்பானின் ஓரத்தில் உரசாமல் நடுவில் நிற்கும்வரை ஆணியை நகர்த்தினால், குழலின் நேர்கோடு வெளியே நீண்டு வந்துவிடும். பட்டையின் மேல்முகம் தங்கூசிக்குச் சமாந்தரமாக, 6 மில்லிமீற்றர் கீழே. அந்தத் தடிப்பில் ஒரு மரச் சிம்பு செதுக்கி, பட்டையின் முன்னும் பின்னும் வைத்துப் பார்த்து இறுக்கினோம்.

தங்கூசியைக் கழற்றி, அடைப்பான்களை எடுத்து, பயிற்றுநர் குழலைக் கண்ணால் பார்த்துச் சரி சொன்ன பிறகே குண்டு உள்ளே போகும். இந்த ஒழுங்கை ஒரு தடவைகூட மாற்றவில்லை.

அப்புறம் பாரம். கையும் கருவியும் சேர்ந்து ரைபிளை முன்னால் இழுக்கும். குழலில் பூட்டுகிற சமநிலைப் பாரங்களைக் கழற்றி இதை ஈடு செய்யலாம், ஆனால் எடையை மட்டும் பார்த்தால் போதாது, தூரத்தையும் பெருக்க வேண்டும். பிடிக்கும் கையில் இருந்து 50 சென்றிமீற்றர் முன்னால் ஏறும் 300 கிராமுக்கு, 40 சென்றிமீற்றரில் இருக்கும் 375 கிராமைக் கழற்ற வேண்டும். இதைச் செய்த பிறகு அவள் தோளில் வைத்துப் பார்த்து, "இப்ப என்ட துவக்கு மாதிரி இருக்கு" என்றாள். போட்டியில் ரைபிளுக்கு 5.5 கிலோகிராம் எல்லை இருக்கிறது. இந்தக் கை பயிற்சிக்கு மட்டும், போட்டிக்குப் போகும்போது கழற்றிவிட வேண்டும்.

தெரியவந்தது

முதலில் கையைச் சோதித்தோம், ரைபிளை அல்ல. ரைபிளை நிலைச்சட்டத்தில் வைத்து, கை பூட்டியும் பூட்டாமலும் மாறி மாறி ஒரே பெட்டிக் குண்டைச் சுட்டு, தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். துளைத் திரள் அசையவில்லை. குழலில் வார்ப்பட்டியால் கட்டியபோது இறங்கிய தாளையும் பக்கத்தில் வைத்தேன். கையால் வந்த பலன் அந்த மூன்று தாள்களிலேயே தெரிந்தது.

பிறகு அவள் நின்று சுட்டாள். ஒருவர் வேகத்தை எழுத, இன்னொருவர் துளையின் உயரத்தை எழுதினோம். தொடர்ந்து சுடும்போது வேகம் 172-ஐ ஒட்டி ஓரிரு மீற்றருக்குள் நின்றது. இடையில் நின்று தண்ணீர் குடித்து, பயிற்றுநரோடு பேசிவிட்டு வந்து சுட்ட முதல் குண்டு மட்டும் 177, 178 என்று ஏறியது. துளையும் மேலே. அடுத்த குண்டில் வேகம் திரும்ப இறங்கிவிடும்.

அழுத்தச் சீராக்கி மெல்லக் கசிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. உருளையின் 200 பாரைக் குறைத்து, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றைக் கொடுப்பதுதான் சீராக்கியின் வேலை. அதன் அடைப்பு முழுதாக மூடாவிட்டால், ரைபிள் சும்மா இருக்கும் நேரமெல்லாம் காற்று சொட்டுச் சொட்டாக உள்ளே ஏறி அழுத்தம் கூடும். விடாமல் சுட்டால் ஏற நேரம் கிடைக்காது. வழமையாகப் பரிசோதிப்பவர்கள் மேசையில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டுப் பார்ப்பதால்தான் "ரைபிளில் பிழை இல்லை" என்ற பதில் வந்துகொண்டிருந்தது. அவள் நின்று, நிதானித்து, இளைப்பாறிச் சுடும் விதத்திலேயே வேகத்தை அளந்ததால்தான் இது பிடிபட்டது. முக்காலியில் கருவியை நிறுத்தியிருந்தாலும் இதைத் தவறவிட்டிருப்போம் என்றே நினைக்கிறேன்.

வெப்பத்தின் மேலும் சந்தேகம் இருந்தது. மூடிய உருளை 25 பாகையில் இருந்து 35 பாகை செல்சியசுக்குச் சூடானால் உள்ளழுத்தம் 3 வீதத்துக்கு மேல் ஏறும், 200 பார் கிட்டத்தட்ட 207 ஆகும். ஆனால் அது சீராக்கிக்கு முன்னால் உள்ள காற்று. காலையிலும் நண்பகலிலும் தொடர்ந்து சுட்ட குண்டுகளின் வேகம் ஒத்துப்போனதால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டோம்.

மேலே போன எல்லாக் குண்டுகளுக்கும் ரைபிள் காரணம் இல்லை என்பதும் அதே தாளில் இருந்தது. வேகம் 172-லேயே நிற்க, துளை மட்டும் ஏறிய குண்டுகளும் கணிசமாக இருந்தன. அவை மூச்சால் வந்தவை. பயிற்றுநர் சொன்னதும் சரி, பிள்ளை சொன்னதும் சரி. வேகமும் உயரமும் ஒரே வரிசையில் எழுதிக் கிடந்ததால் எந்தக் குண்டு யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அவளும் அதை வாதமில்லாமல் ஏற்றுக்கொண்டாள்.

சீராக்கியைத் தெரிந்த தொழில்நுட்பவியலாளரிடம் கொடுத்து அடைப்பு வளையங்களை மாற்றினோம். உயர் அழுத்தத்தில் வேலை செய்யும் பாகம் அது, வீட்டில் கழற்றிப் பார்க்கிற விஷயமல்ல. திரும்பி வந்த பிறகு அதே கையைப் பூட்டி, வேண்டுமென்றே நீண்ட இடைவெளி விட்டு முதல் குண்டைச் சுடவைத்தோம். வேகம் மற்றக் குண்டுகளோடு சேர்ந்து நின்றது.

செய்யப்போகிறவர்களுக்கு

ரெயிலின் நீளமும் உருளையின் விட்டமும் ரைபிளுக்கு ரைபிள் மாறும். எங்கள் அச்சில் வார்த்த கை வேறு வகை ரைபிளுக்கு அப்படியே பொருந்தாது. முதலில் எடுக்க வேண்டிய அளவுகள் மூன்று: ரெயிலின் முன் நுனியில் இருந்து குழல் வாய் வரை உள்ள தூரம், குழலின் நடுக்கோட்டில் இருந்து உருளையின் அடி வரை உள்ள ஆழம், உருளையைக் கழற்ற முன்னால் வேண்டிய இடம். உருளைக்கும் கைக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் அளவு விட்டால் சூட்டின் அதிர்வில் இரண்டும் முட்டாது.

ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் மரச் சிம்பை வைத்து உயரத்தைப் பாருங்கள். நைலோன் போல்ட் சூட்டில் மெல்ல இளகும், அதனால் சில வாரங்களுக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது. பயிற்சி முடிந்ததும் கருவியின் வயர் முனையைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், கடற்காற்று செம்பு முனையைச் சீக்கிரம் பச்சையாக்கிவிடும். பைபர் கைக்கு ஒன்றும் ஆகாது.

பலாப் பலகை அச்சு இன்னும் திருக்கடலூரில் அண்ணனிடம்தான் இருக்கிறது. அதே வகை ரைபிள் வைத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு இரண்டாவது கை ஒன்றை வார்த்தாகிவிட்டது. வளைவுகளில் இந்த முறை ஒரு பாய் கூடுதலாகப் போடச் சொல்லியிருந்தேன்.